குசினிக் கட்சியும் கார்பார்க் கட்சியும்

இந்தச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் புதிதாகப் பாடம் எடுக்க வந்திருக்கும் ஏழு பேருக்கும் என் அனுபவத்தில் ஏதாவது சொல்லச் சொன்னார்கள். ஏழு பேர் என்றார்கள். நான் எண்ணியபோது ஆறு பேர்தான் இருக்கிறீர்கள். ஏழாமவர் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருக்கிறாராம். வரட்டும்.

எப்படிப் பாடம் நடத்துவது என்று நான் சொல்லப்போவதில்லை. அதற்கு நீங்கள் எல்லோரும் சான்றிதழ் வைத்திருக்கிறீர்கள். பாடம் நடந்துகொண்டிருக்கும்போது நிர்வாகக் குழு வகுப்புக்குள் வந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு எவரும் சான்றிதழ் தருவதில்லை. அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில், லண்டனில் எனக்குக் கிடைத்த முதல் ஆசிரிய வேலை. கிழக்கு லண்டனில் ஓர் ஆங்கிலப் பள்ளி. வரலாற்றுத் துறைத் தலைவருக்கு நான் உதவியாள். அவருடைய பெயர் இங்கே வேண்டாம். ஒருநாள் அவருடைய வகுப்பில் உதைபந்தாட்டத்தை வைத்துச் சண்டை. இந்தப் பக்கம் பன்னிரண்டு பேர், அந்தப் பக்கம் பதினொரு பேர், ஆகாயத்தில் ஒரு கதிரை. நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன். அவர் சத்தம் போடவில்லை. மேசையிலிருந்த இடாப்பைத் திறந்து, வரவு எடுக்கும் அதே சோம்பல் குரலில் பெயர்களைக் கூப்பிடத் தொடங்கினார். நாலாவது பெயருக்குக் கதிரை கீழே வந்துவிட்டது. தலைக்கு மேலே கதிரையைப் பிடித்துக்கொண்டு 'யெஸ் சேர்' சொல்வது கஷ்டம். கூட்டமாக நிற்கிறவனோடு பேச முடியாது, பெயரைச் சொன்னால் அவன் ஒரே ஒரு ஆளாகிவிடுவான் என்று பிறகு தேநீர் குடிக்கும்போது சொன்னார். அவருக்கு அது பெரிய விஷயமாகவே தெரியவில்லை. எனக்கும் அன்று தெரியவில்லை.

இனி நம் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. குட்மேய்ஸில் ஒரு தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நடத்தினோம். நூற்று நாற்பத்திரண்டு பிள்ளைகள். பதின்மூன்று பேர் கொண்ட நிர்வாகக் குழு. அந்தப் பதின்மூன்று பேருமே ஆசிரியர்கள். தமிழ், நடனம், மிருதங்கம், சின்ன வகுப்பு என்று எல்லாவற்றையும் அவர்களே படிப்பித்தார்கள். குழுவில் இல்லாத ஒரே ஆசிரியர், வரலாறு எடுத்த நான்தான். வரலாறு படித்தவரைக் குழுவில் போட்டால் போன கூட்டத்தில் யார் என்ன பேசினார் என்று ஞாபகப்படுத்துவார் என்பது அவர்களுடைய பயம். அது நியாயமான பயம்தான்.

எல்லோருக்கும் மேலே தலைவர். பள்ளியைத் தொடங்கியவர் அவர். தொடக்கத்தில் கணக்கும் அவரே படிப்பித்தார், கதிரைகளும் அவரே அடுக்கினார். பிறகு பள்ளி வளர்ந்தது, அவர் தலைவராகவே இருந்துவிட்டார். காலப்போக்கில் அவருக்குப் பெயர் இல்லாமல் போயிற்று. கடைக்காரர்கூட 'தலைவர்' என்றுதான் கூப்பிட்டார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. ஒரு தம்பி இருந்தார். அந்தத் தம்பி பாரிஸிலிருந்து இங்கே குடிவந்த மறுமாதம், தனக்குப் பிறகு பள்ளியைத் தம்பி பார்த்துக்கொள்வார் என்று தலைவர் குழுக்கூட்டத்தில் அறிவித்தார்.

தம்பியார் நல்ல மனிதர். ஆனால் பாரிஸில் ஒரு சுவாமியிடம் தீட்சை பெற்று மச்சம் மாமிசத்தை விட்டவர். விட்டதோடு நிற்கவில்லை, மற்றவர்களும் விடவேண்டும் என்று விரும்பினார். மண்டபத்துச் சமையலறையை நாம் குசினி என்போம். அங்கே இடைவேளைக்கு மட்டன் ரோல் விற்பார்கள். பெற்றோரில் பாதிப்பேர் பிள்ளைகளுக்குத் தமிழ் வரவேண்டும் என்று வந்தார்கள். மீதிப்பேர் ரோலுக்காக வந்தார்கள். தான் தலைவரானால் அந்தக் குசினியில் கடலை மட்டும்தான் என்று தம்பியார் சொல்லிவிட்டார்.

குழு இரண்டாகியது. தலைவர் பக்கம் ஏழு பேர். அவர்கள் குசினியில் தலைவரைச் சுற்றி நின்று முடிவெடுப்பார்கள். எதிர்ப்பக்கம் ஆறு பேர், அவர்களுக்குத் தலைமை, நடனம் படிப்பித்த மலர் ரீச்சர். அவர்கள் கூட்டம் முடிந்த பிறகு கார்பார்க்கில் நின்று முடிவெடுப்பார்கள். நம் சங்கங்களில் உண்மையான கூட்டம் எப்போதும் கார்பார்க்கில்தான் நடக்கும் என்பதை நீங்கள் இதற்குள் கவனித்திருப்பீர்கள். உள்ளே நடப்பது ஒத்திகை.

ரோலுக்கு வாலாட்டுகிற 'குசினிக்காரர்' என்று மலர் ரீச்சர் ஒருநாள் சொன்னார். மழையில் நனையத் தெரிந்தவர்களே தவிர உள்ளே வந்து பேசத் தெரியாத 'கார்பார்க்காரர்' என்று அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் மனம் நொந்தது. அடுத்த மாதம் குசினிக்காரர் ஏழு பேரும் ஒரே நிறத்தில் ஏப்ரன் தைப்பித்துப் போட்டுக்கொண்டார்கள். கார்பார்க்காரர் தங்கள் ஆறு கார்களையும் ஒரே வரிசையில் நிறுத்தத் தொடங்கினார்கள். வசையாக எறிந்த பெயர் பெருமையாகி ஒட்டிக்கொண்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மாதம் என் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் படிப்பித்துக்கொண்டிருந்ததும் இதையேதான். இரண்டாம் சார்ல்ஸ் மன்னருக்கு அரியணைக்கு உரிய பிள்ளை இல்லை. தம்பி ஜேம்ஸ், நாடே புரட்டஸ்தாந்தாக இருக்க, கத்தோலிக்கராகிவிட்டார். அவர் அரசராகக் கூடாது என்று பாராளுமன்றத்தில் ஒரு கூட்டம் மசோதா கொண்டுவந்தது. அரசரின் வாரிசை மாற்ற எவருக்கும் உரிமையில்லை என்றது இன்னொரு கூட்டம். முதற்கூட்டத்தை 'விக்' என்றார்கள். அது ஸ்கொட்லாந்தின் முரட்டு மாடோட்டிகளுக்கு உரிய வசை. இரண்டாம் கூட்டத்தை 'டோரி' என்றார்கள். அது அயர்லாந்தின் வழிப்பறிக்காரருக்கு உரிய வசை. இந்த நாட்டின் முதல் இரண்டு கட்சிகளும் அப்படிப் பிறந்தவைதான். அந்த டோரிகள் தங்கள் சொந்தத் திருச்சபைக்கே ஆபத்தான ஒருவருக்காக நின்றார்கள், ஏன் என்று பிள்ளைகள் கேட்டார்கள். நான் யன்னலால் குசினியைப் பார்த்தேன். தங்கள் ரோலை நிறுத்தப்போகிறவருக்காக ஏழு பேர் அங்கே ஏப்ரனோடு நின்றார்கள். சில கேள்விகளுக்குப் பாடப்புத்தகத்தில் பதில் இல்லை என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

பரிசளிப்பு விழாவுக்கு என் வகுப்பு இதையே நாடகமாகப் போடுவதென்று விழாத் திட்டத்தில் முன்னரே எழுதியாகிவிட்டது. என் வகுப்பில் பதினொரு பிள்ளைகள். துர்க்கா என்ற பெண்பிள்ளை அரசர். நடன வகுப்பு தந்த நாலு சவுரிமுடி அவளுக்கு அரச முடியாயிற்று.

உங்களுக்கு ஒன்று விளங்கவேண்டும். எனக்குப் பயம் நாடகத்தைப் பற்றியல்ல. லண்டனில் நம் சனம் தொடங்கிய சங்கங்களை நான் ஒருமுறை எண்ணிப்பார்த்தேன். எண்ணி முடிப்பதற்குள் இரண்டு சங்கம் நாலாகிவிட்டது. இந்தப் பள்ளியும் உடைந்தால் என் பதினொரு பேர் ஆறும் ஐந்துமாகப் போவார்கள். ஆறு பேருக்கு எவனும் அறை தரமாட்டான். மிருதங்க வகுப்புக்கும் அதே கதிதான். பெரியவர்களுக்கு இரண்டு பள்ளிகள் கிடைக்கும், பிள்ளைகளுக்கு ஒன்றும் மிஞ்சாது.

விழாவுக்கு முந்தின சனிக்கிழமை தலைவர் என்னைக் குசினிக்குக் கூப்பிட்டார். கையில் பாதி ரோல்.

"மாஸ்டர், நாடகத்திலை ஒரு ராசா வாறாராம். அவருக்கு ஒரு தம்பியுமாம்."

"ஓம் தலைவர். சரித்திரத்திலை அப்பிடித்தான் இருக்கு."

"சரித்திரத்திலை எத்தினையோ ராசா. வேறை ஆள் கிடைக்கேல்லையோ?"

ஏப்ரன்கள் என்னைப் பார்த்தன. நாடகத்தை நிறுத்தினால் கார்பார்க்காரர் அன்றைக்கே புது மண்டபம் பார்க்கப் போய்விடுவார்கள். நிறுத்தாவிட்டால் குசினிக்காரர் நாற்பது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறுவார்கள். தலைவரே அடுத்த கேள்வியைக் கேட்டார். அது என்னைக் காப்பாற்றியது.

"சரி, கடைசியிலை ஆர் வெல்லுறது?"

"ராசாதான். ஒக்ஸ்போர்ட்டிலை பாராளுமன்றத்தைக் கூட்டுவார். ஒருத்தருக்கும் தெரியாமல் முடியையும் அங்கியையும் பல்லக்குக்குள்ளை ஒளிச்சுக் கொண்டுபோய், திடீரெண்டு போட்டுக்கொண்டு, சபையைக் கலைச்சுப்போடுவார்."

தலைவர் மெல்லுவதை நிறுத்தினார். "கலைக்கலாமோ?"

"அந்தக் காலத்திலை ஏலும்."

அந்தக் காலத்தில் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. நாடகம் நடக்கட்டும் என்றார். வெளியே வந்தால் மலர் ரீச்சர் தன் காரில் சாய்ந்துகொண்டு நிற்கிறார். அரசர் வெல்லுவதோடு நிறுத்தாமல், பிறகு நடந்ததையும் காட்டவேண்டும் என்றார். அதாவது தம்பி அரசராகி, விக்கும் டோரியும் ஒன்றுசேர்ந்து ஒல்லாந்திலிருந்து ஆளைக் கூப்பிட்டு, தம்பி பிரான்சுக்கு ஓடினாரே, அதை. மண்டபம் ஐந்து மணிவரைதான் நமக்கு, அதற்குள் புரட்சிக்கு நேரம் காணாது என்றேன்.

விழா அன்று நூற்றெண்பத்தெட்டுக் கதிரைகள். நடுவே நடைபாதை. இடப்பக்கம் குசினி, வலப்பக்கம் கார்பார்க். தமிழ் தெரியாத ஒரு கவுன்சிலர் பிரதம விருந்தினர். முன்வரிசையில் மாலையோடு இருந்தார். குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையில் செய்த பல்லக்கு மேடைக்கு வந்தது. உள்ளேயிருந்து துர்க்கா சவுரியும் கிரீடமுமாக இறங்கி, சபையைச் சுற்றிப் பார்த்து, இந்தச் சபை இத்துடன் கலைக்கப்படுகிறது என்றாள். நன்றாகச் சொன்னாள். இடப்பக்கம் கைதட்டியது. வலப்பக்கம் கைகட்டியது.

அத்தோடு திரை விழுந்திருக்கவேண்டும். தலைவர் மேடையேறி ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் நீர். நல்ல நாடகம் ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதை அன்றுதான் கண்டேன்.

"சின்னப் பிள்ளையளுக்கே விளங்கின விசயம் எங்கடை சில பேருக்கு விளங்கேல்லை. இந்த நிமிசத்திலையிருந்து நிர்வாகக் குழுவை நான் கலைக்கிறன்."

இடப்பக்கம் மறுபடி கைதட்டியது. நாலாவது தட்டோடு அது நின்றது. தாங்களும் குழுதான் என்பது அப்போதுதான் ஏப்ரன்களுக்கு உறைத்தது. கவுன்சிலர் மட்டும் தனியாகக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் எனக்கு வந்த தொலைபேசிச் செய்திகளின் சுருக்கம் இது: கார்பார்க்காரர் மனோர் பார்க்கில் ஒரு மண்டபம் பார்த்துவிட்டார்கள். குசினிக்காரரும் மனம் உடைந்து செவன் கிங்ஸில் ஒன்று பார்த்துவிட்டார்கள். இரண்டும் அடுத்த மாதம்தான் கிடைக்கும். ஆக ஒரு பள்ளி மூன்றாகப் போகிறது. வரலாற்றில்கூட அவ்வளவு மோசமில்லை.

அடுத்த சனிக்கிழமை. தேவாலயத்துக் காவலாளி கதவைத் திறந்துவிட்டார். தலைவர் நின்றார், தம்பியார் நின்றார், நான் நின்றேன். பிள்ளைகள் வந்தார்கள், நூற்று முப்பத்தொன்பது பேர். பெற்றோருக்குச் சனிக்கிழமை காலையில் பிள்ளைகளை வைத்திருக்க வேறு இடம் இல்லை, அரசியல் என்னவாக இருந்தாலும். வேறு ஆசிரியர் ஒருவரும் உள்ளே வரவில்லை. தலைவர் கலைத்தது பதின்மூன்று எதிரிகளையல்ல, பதின்மூன்று வகுப்புகளை.

தம்பியார் குசினியில் ஒரு பெரிய சட்டி கடலையோடு தனியாக நின்றார். தலைவர் சின்ன வகுப்புக்குள் போய்க் கரும்பலகையில் 'அ' எழுதினார். முதல் வரிசையில் ஒரு குழந்தை, அது போன வருடமே படித்தாயிற்று என்றது. அவர் வெளியே வந்தார்.

"மாஸ்டர், நீங்கள் எல்லாரையும் பெரிய மண்டபத்திலை இருத்திப் படிப்பியுங்கோவன்."

"தலைவர், சார்ல்ஸ் ராசா சபையைக் கலைச்சுப்போட்டுத் தனிய ஆண்டவர். உண்மைதான். ஆனா அவருக்குப் பிரான்சிலையிருந்து உதவி வந்தது. உங்களுக்குப் பிரான்சிலையிருந்து வந்தது உவர் ஒராள்தான்."

தம்பியார் கடலையைக் கிளறினார். தான் அடுக்கிய கதிரைகளைப் பார்த்துக்கொண்டு தலைவர் நின்றார். அவர்மேல் கோபம் வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை.

யன்னலால் பார்த்தேன். பதின்மூன்று பேரும் கார்பார்க்கில் நின்றார்கள். தங்கள் பிள்ளைகளையும் கொண்டுவந்து விடவேண்டியிருந்ததே. குசினிக்காரருக்குக் குசினி இல்லாததால் அவர்களும் அங்கேதான். மழை தூறிக்கொண்டிருந்தது. மலர் ரீச்சரின் கார் டிக்கியில் தேநீர்ப் போத்தல். இரண்டு கட்சிக்கும் அதே தேநீர். ஆனால் பெற்றோரிடம் கையொப்பம் வாங்க இரண்டு தாள்கள் சுற்றிக்கொண்டிருந்தன, மனோர் பார்க்குக்கு ஒன்று, செவன் கிங்ஸுக்கு ஒன்று. தாளில் பெயர் விழுந்துவிட்டால் பிறகு மனிதன் மானத்துக்காக அங்கேயே நிற்பான்.

யோசிக்க நேரம் இருக்கவில்லை. பேசப் போனால் நான் மூன்றாம் கட்சியாகிவிடுவேன். ஆசிரியர் இடாப்பை எடுத்துக்கொண்டு குடையில்லாமல் வெளியே போனேன். அகர வரிசையில், வகுப்பில் கூப்பிடும் குரலில் தொடங்கினேன்.

"அருளானந்தம் கணேசலிங்கம்."

இவர் குசினிக் கட்சியின் பெரிய தூண், மிருதங்க ஆசிரியர், சொந்தமாக மினிகாப் டாக்சி நிறுவனம் நடத்துபவர். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். முதுகை நிமிர்த்தினார்.

"பிரசண்ட் சேர்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் போனவன் எந்த வயதிலும், எந்த நாட்டிலும், மாஸ்டர் இடாப்போடு நின்று பெயர் கூப்பிட்டால் பதில் சொல்லுவான். அது நம் எலும்பில் இருக்கிறது. யன்னல்களில் பிள்ளைகளின் முகங்கள் நிறைந்தன. இரண்டாமவர் சொன்னார். மூன்றாமவர் சொன்னார். ஐந்தாமவர் கையிலிருந்த கையொப்பத் தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சொன்னார். மலர் ரீச்சரின் பெயர் வந்தது.

"மாஸ்டர், உது என்ன விளையாட்டு?"

பெயரைத் திரும்பச் சொன்னேன்.

"வந்திருக்கிறன். தெரியுதுதானே."

"பிள்ளையள் உள்ளை நிக்குதுகள் ரீச்சர். நீங்கள் ஏன் வெளியிலை?"

"எங்களைக் கலைச்சாச்செல்லோ."

"குழுவைத்தான் கலைச்சவர். வகுப்பை ஒருத்தரும் கலைக்கேல்லை. கலைக்கவும் ஏலாது."

அவர் டிக்கியை மூடினார்.

பதின்மூன்று பெயரும் முடிந்தது. என் பெயரை விட்டால், இடாப்பில் பதினான்காவதாக ஒரு பெயர் இருந்தது. பள்ளி தொடங்கிய காலத்துக் கணக்கு ஆசிரியர். வகரத்தில் தொடங்கும் பெயர் என்பதால் கடைசி. படிப்பிப்பதை நிறுத்திய பிறகும் அந்தப் பெயரை வெட்ட எவருக்கும் துணிவு வரவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். தலைவர் மண்டப வாசலில் நின்றார்.

"வைத்திலிங்கம் சிவகுருநாதன்."

கார்பார்க்கில் ஒருவரும் அசையவில்லை. அந்தப் பெயர் யாருடையது என்று இளம் ஆசிரியை ஒருவர் பக்கத்தில் கேட்டது எனக்குக் கேட்டது. தலைவருக்கும் கேட்டிருக்கும். அவர் வாசல் படியில் நின்று, சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டு, மழையைப் பார்த்தார். பிறகு படியிறங்கி எங்களோடு நனையும் இடத்துக்கு வந்தார்.

"பிரசண்ட்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "சேர்."

அதன் பிறகு ஒருவரை ஒருவர் பார்க்காமல் பதினான்கு பேரும் உள்ளே போனார்கள். கையொப்பத் தாள்கள் மழையில் ஊறிவிட்டன. அன்று கணக்கு வகுப்பு நடந்தது.

பொதுக்கூட்டம் வந்தபோது இரண்டு கட்சியும் ஒத்துக்கொள்ளக்கூடிய ஒரே ஆள் பழைய தலைவர்தான் என்று முடிவாயிற்று. அவர் தலைவராகவே இருந்தார், ஆனால் அன்றிலிருந்து எதையும் கேட்டுத்தான் செய்தார். இந்த நாட்டு அரசர்களும் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு ஒல்லாந்திலிருந்து ஒரு படை வரவேண்டியிருந்தது. தம்பியார் தலைவராகவில்லை, பிரான்சுக்கு ஓடவும் இல்லை. இங்கேயே பிரெஞ்சு வகுப்பு எடுக்கிறார். அவருக்குப் பதினான்கு பிள்ளைகள், என் வகுப்பைவிட மூன்று கூட. இதை நான் மறக்கவில்லை. குசினி மேசையில் ஒரு பக்கம் ரோல், மறுபக்கம் கடலை.

கட்சிகள் போகவில்லை. ஏப்ரன் இன்றும் இருக்கிறது, அந்தக் கார் வரிசையும் இருக்கிறது, வரும்போது பார்த்திருப்பீர்கள். அவற்றை ஒழிக்கலாம் என்று முயலவேண்டாம். ஒழித்தால் அவை வேறு மண்டபம் போய்ப் பள்ளிக்கூடமாக முளைக்கும். ஒரே கார்பார்க்கில் இரண்டும் சண்டை பிடித்துக்கொண்டிருக்கும்வரை பள்ளிக்கூடம் ஒன்றுதான். உங்களிடம் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். இன்றைக்கே கேட்பார்கள். வகுப்புக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போங்கள்.

கதவு திறக்கிறது. ஏழாமவர் வந்துவிட்டார். தோள் நனைந்திருக்கிறது. கையில் யாரோ கொடுத்த தேநீர். கார் நிறுத்த இவ்வளவு நேரம் எடுக்காது தம்பி, அங்கே யாரோடு நின்றீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. இருங்கள். பெயரைச் சொல்லுங்கள், இடாப்பில் எழுதவேண்டும்.